கேஸ் என்று பதிந்திருந்த எண்

பிள்ளைகளா, போன பொங்கலுக்கு அத்தை வீட்டுப் பந்தியில் நடந்த பேச்சு உங்களுக்கு ஞாபகம் இருக்கும். "என் தம்பி மட்டும் இல்லைன்னா இவ இன்னைக்கு இங்கன உக்காந்து சாப்பிடுவாளா? கண்ணுக்குள்ள வச்சுல்ல பாத்துக்கிட்டான்" என்று அத்தை எல்லார் முன்னாலும் சொன்னாள். நீங்கள் இரண்டு பேரும் என்னைப் பெருமையாகப் பார்த்தீர்கள். உங்கள் அம்மா தலையைக் குனிந்து ரசத்தைப் பிசைந்துகொண்டிருந்தாள். நான் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தேன்.

அந்தப் பெருமை எனக்குச் சேர வேண்டியது இல்லை. வேறு ஒருவருக்குச் சேர வேண்டியது. அவருடைய முகம் எனக்குத் தெரியாது, ஊர் தெரியாது. அவர் மேல் எனக்குப் பொறாமை இருந்தது. இருந்தது என்று எழுதிவிட்டேனே தவிர, இன்றைக்கும் கொஞ்சம் இருக்கிறது. நான் ஒன்பதாவதோடு நின்றவன், எழுத்து முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் நடந்ததை நடந்தபடி உங்களுக்குச் சொல்லிவிட வேண்டும். உங்களுக்கும் ஒரு காலத்தில் அந்த மாதிரி ஒரு எண் தேவைப்படலாம். அப்போது அப்பா என்ன நினைப்பாரோ என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்கக் கூடாது.

அம்மா அப்போது வெம்பக்கோட்டை ரோட்டில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் திரி செருகும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். இரண்டு இரண்டு பேராக எதிரும் புதிருமாக உட்கார்ந்து செய்கிற வேலை. அவளுக்கு எதிரே உட்கார்ந்தவர் அடுத்த தெருக்காரர்; நீங்கள் பெரியம்மா என்று கூப்பிடுவீர்களே, அவர்தான். சொந்தம் ஒன்றும் கிடையாது. ஒரே வேனில் போய், ஒரே தூக்குவாளியில் கை நனைத்து, அக்கா தங்கச்சி ஆனவர்கள்.

அன்றைக்கு அம்மா லீவு. அத்தையின் பேத்திக்குக் காதுகுத்து. சீசன் நேரம், ஆர்டர் நெருக்குகிறது, லீவு போட முடியாது என்று அம்மா சொன்னாள். கூடப்பிறந்த தம்பி நான் மட்டும் போய் நின்றால் நன்றாக இருக்காது என்று நான்தான் வற்புறுத்தினேன். "நீ போயிட்டு வா, உன் பங்கையும் நான் பாத்துக்கிடுதேன்" என்று பெரியம்மா சொல்லி அனுப்பியிருந்தார்.

விருந்து நடக்கும்போது சத்தம் கேட்டது. நம் பக்கத்தில் அப்படிச் சத்தம் கேட்டால் எல்லாரும் முதலில் வெளியே வந்து புகை எந்தத் திசையில் எழும்புகிறது என்று பார்ப்போம். பந்தியே எழுந்து ஓடியது. அம்மா மட்டும் வெளியே வரவில்லை. இலையை மூடிவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். பார்க்காமலே அவளுக்குத் தெரிந்துவிட்டது, வெடித்தது அவள் கம்பெனிதான் என்று. பெரியம்மா அதில் போய்விட்டார்.

அதற்குப் பிறகு சுற்றுவட்டாரத்தில் எல்லா கம்பெனிகளிலும் சோதனை. விஸ்வநத்தத்தில் நான் ஃபோர்மேனாக இருக்கிற கம்பெனியையும் சாத்திவிட்டார்கள். நான் பகலெல்லாம் வீட்டில் இருந்தேன். அதனால்தான் எல்லாவற்றையும் பார்த்தேன்.

அம்மா அழவில்லை. பேசவும் இல்லை. சோறு பொங்குவாள், உங்களைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவாள், பின்வாசலில் துவைக்கிற கல்லில் போய் உட்காருவாள். ஒருநாள் துணி மடித்துக்கொண்டே, யாரிடமும் சொல்லாத மாதிரி, "இருக்கணும்னே தோணல" என்றாள். "கிறுக்கு மாதிரி பேசாத" என்று சொன்னேன். வேறு என்ன சொல்ல என்று தெரியவில்லை. கோயிலுக்குக் கூட்டிப்போனேன். கையில் கயிறு கட்டினேன். ஆஸ்பத்திரிக்கு வா என்று கூப்பிட்டுப் பார்த்தேன், வரவில்லை. விருதுநகர் போய் அவளுக்குப் பிடித்த எண்ணெய் பரோட்டா வாங்கிவந்தேன். நான் கைகால் கழுவி வருவதற்குள், "ஆச்சு, சாப்பிட்டேன்" என்றாள்.

ஒரு காலையில் டீ போட அடுப்பைத் திருகினேன், கேஸ் தீர்ந்துபோயிருந்தது. என் போனில் சார்ஜ் இல்லை. அம்மா குளித்துக்கொண்டிருந்தாள். அவள் போனை எடுத்துத் தேடினேன். கேஸ் என்று ஒரு எண் இருந்தது. அமுக்கினேன்.

"வணக்கம். சொல்லுங்க, கேட்டுக்கிட்டு இருக்கேன்" என்றது ஒரு ஆம்பிளைக் குரல். சின்ன வயசுக் குரல், அவசரமே இல்லாத குரல்.

"சிலிண்டர் தீந்துபோச்சு தம்பி. ஒன்னு அனுப்பி வைங்க."

"ஐயா, இது கேஸ் ஏஜென்சி இல்லைங்க. மனசு கஷ்டமா இருக்கிறவங்க பேசுறதுக்கான எண். உங்களுக்கு ஏதாவது பேசணும்னா தாராளமா பேசலாம்."

"சோறு பொங்க கேஸ் இல்ல, எனக்கு அதான் கஷ்டம்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

வைத்துவிட்டு அவள் போனையே பார்த்துக்கொண்டு நின்றேன். கேஸ், கேஸ், கேஸ் என்று வரிசையாக இருந்தது. ஒவ்வொன்றும் நீளமான பேச்சு. அடுத்தவர் மனக்கஷ்டத்தைக் கேட்பதற்கென்று ஒருத்தன் உட்கார்ந்திருப்பான் என்பதை என்னால் நம்பவே முடியவில்லை. நம்பினாலும் ஆறுதலாக இல்லை. கஷ்டம் கேட்க நான் ஒருத்தன் வீட்டிலேயே உட்கார்ந்திருக்கிறேனே.

அவள் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தாள். "கேஸ் தீந்துருச்சு. நீ புக் பண்ணுதியா?" என்று கேட்டேன். முகத்தையே பார்த்தேன்.

"நீங்கதான எப்பவும் பண்ணுவீக" என்றாள். முகத்தில் ஒன்றும் இல்லை.

அன்றிலிருந்து எனக்கு அதுதான் வேலை. அம்மா போனை எடுத்துக்கொண்டு பின்வாசலுக்குப் போனால் நான் அடுப்படிக்குப் போவேன். அங்கே ஜன்னலில் நம் சின்னவன் பந்தடித்து உடைத்த ஒரு கண்ணாடி போய் ஓட்டையாக இருந்தது. அந்த ஓட்டையில் காதை வைத்தால் துவைக்கிற கல்லில் பேசுவது பாதி கேட்கும். தண்ணீர் குடிக்கிற மாதிரி சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பேன்.

"கண்ணை மூடுனா அக்கா எதிர்க்க வந்து உக்காந்துக்கிடுதா சார்" என்று ஒருநாள் சொல்வது கேட்டது. என்னிடம் அவள் அப்படி ஒரு வார்த்தை சொன்னதே இல்லை. இன்னொரு நாள், பிள்ளைகளா, அவள் சிரித்தாள். காதுகுத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பை இந்த வீட்டில் யாரும் கேட்கவில்லை. எதற்குச் சிரித்தாள் என்றால், பெரியம்மா எனக்கு ஒரு பட்டப்பெயர் வைத்திருந்தாராம். நமுத்த வெடி. "எம்புட்டுக் கோவம் வந்தாலும் புஸ்சுன்னு போயிருவாக, அதனால அக்கா அப்படிச் சொல்லுவா" என்று அந்த ஆளிடம் சொல்லிச் சிரிக்கிறாள். கூட வேலை பார்த்த இரண்டு பேரும் இத்தனை வருஷம் எனக்குத் தெரியாமல் வைத்திருந்த பெயர். அது இப்போது அவனுக்கும் தெரிந்துவிட்டது. நான் சொம்போடு நின்றேன்.

அத்தை வந்தபோது அவளும் கவனித்துவிட்டாள். "ஏலே, உம் பொண்டாட்டி யாருகிட்டலே இம்புட்டு நேரமாப் பேசுதா?"

"கேஸ்காரன்கிட்ட."

"எங்க கேஸ்காரன் சிலிண்டரை உருட்டி விட்டுட்டு ஒரு வார்த்தை பேசாமப் போறான். உங்க கேஸ்காரன் நல்லாப் பேசுவான் போலயே. எங்களுக்கும் அந்த நம்பரைக் குடுலே."

வேடிக்கைக்குத்தான் சொன்னாள். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

பேசாத நாளில் அம்மா டைப் அடிப்பாள். அது இன்னும் மோசம். பக்கத்தில் உட்கார்ந்து டிவி பார்ப்பேன், அவள் கட்டைவிரல் ஓடிக்கொண்டே இருக்கும். ஒருநாள் கதவு தட்டுகிறார்கள் என்று போனைப் பாயில் வைத்துவிட்டு எழுந்து போனாள். நான் எட்டிப் பார்த்தேன். சாப்பிட்டீங்களா என்று அந்தப் பக்கமிருந்து கேட்டிருந்தது. அதற்கு அவள் எழுதியிருந்தாள்: இல்ல, தொண்டைல இறங்க மாட்டேங்குது, பரோட்டாவ நாய்க்கு வச்சிட்டேன்.

எனக்குச் சொன்னது ஆச்சு. அவனுக்குச் சொன்னது இல்ல.

அவள் வேறு ஆளோடு பழகியிருந்தால்கூட இந்த அளவு எரிந்திருக்காது. அவளிடம் இருந்த உண்மை அத்தனையும் அங்கே போய்க்கொண்டிருந்தது, எனக்கு மிச்சம் கிடைத்தது ஆச்சு என்கிற ஒரு வார்த்தை. விருதுநகர் வரைக்கும் பஸ்ஸில் நின்றுகொண்டு போய்வந்தவன் நான். கால் வலித்தது எனக்கு.

அன்று மாலை அவள் பேசி முடித்துவிட்டு வந்தபோது கண் சிவந்திருந்தது. தேம்பித் தேம்பி அழுதாள். முதல்முறையாக அழுதாள். அந்தப் போனைப் பிடுங்க எனக்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது. நம் தொழிலில் போன் என்றால் நெருப்பு. உங்களுக்கே தெரியும், கேட்டில் வாட்ச்மேன் எல்லார் போனையும் வாங்கித் துளை துளையாக இருக்கிற பலகையில் செருகி வைப்பான். யாராவது மறந்து மடியில் வைத்துக்கொண்டு போனால், பார்த்துப் பிடுங்குவது என் வேலை. எத்தனையோ வருஷமாகக் கைக்கு அதுதான் பழக்கம். பயம் வந்தால் முதலில் போனை வாங்கி வெளியே வை. மறுநாள் காலையில் அவள் போனை எடுத்து, பரண் மேல் இருக்கிற என் டூல்ஸ் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன். நல்லது செய்கிறேன் என்றுதான் நினைத்தேன். உள்ளுக்குள் சந்தோஷமாகவும் இருந்தது. இனி அந்தக் குரல் யாரிடம் பேசும்?

போன் எங்கே என்று அவள் கேட்பாள், சண்டை வரும் என்று காத்திருந்தேன். கேட்கவே இல்லை. அந்த நாள் முழுக்க வீட்டைக் கூட்டினாள், உங்கள் யூனிஃபாரத்தை எல்லாம் தேய்த்து அடுக்கினாள். தேறிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டு நான் கடைத்தெருவுக்குப் போனேன்.

பெரியவளே, பள்ளிக்கூடம் விட்டு வந்து, என்னைத் தேடி டீக்கடைக்கே ஓடிவந்தது நீ. "அப்பா, அம்மா கம்மலைக் கழட்டி என் கையில குடுத்தாங்க. பத்திரமா வச்சுக்க, தம்பியைப் பாத்துக்கன்னு சொன்னாங்க. எதுக்குப்பா?" என்று கேட்டாய். உள்ளங்கையில் கம்மல் இருந்தது. நான் டீயை அப்படியே வைத்துவிட்டு ஓடினேன். நான் உன்னிடம் பதில் சொல்லாமல் ஓடியது உனக்குக் கோபம் என்று பிறகு சொன்னாய். இதுதான் பதில்.

அம்மா துவைக்கிற கல்லில்தான் உட்கார்ந்திருந்தாள். உயிரோடு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு முன்னால் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"போனைக் காணமேன்னு ஏன் கேக்கல நீ?" என்றேன். அந்த நேரத்தில் வாயில் வந்தது அதுதான்.

"எடுத்தது நீங்கன்னு தெரியும். சண்டை போடத் தெம்பில்ல."

"பேசிட்டு வந்து அழுதியே. அதான் எடுத்தேன். கேட்டுல எதுக்குப் போனை வாங்கி வைக்கிறோம், தீப்பிடிக்கக் கூடாதுன்னுதான?"

அவள் திருப்பிக் கேட்டாள்: "சாயந்தரம் மருந்துக் கலவை மிஞ்சிப்போச்சுன்னா என்ன செய்வீக?"

"மிச்சம் வைக்கக் கூடாது. அன்னன்னைக்கு வெளிய கொண்டுபோய் எரிச்சுத் தீத்துருவோம்."

"உள்ள வச்சுப் பூட்டுனா?"

பூட்டினால் என்ன ஆகும் என்று இந்த ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

"நான் தினம் கொஞ்சம் கொஞ்சமா வெளிய கொண்டுபோய்த் தீத்துக்கிட்டு இருந்தேன். நீங்க பூட்டிட்டீக" என்றாள்.

எனக்கு அப்போதும் பொறாமை விடவில்லை பிள்ளைகளா. "எங்கிட்டத் தீத்தா ஆகாதா? எவன்கிட்டயோ சொல்லுத, எங்கிட்டச் சொல்லக் கூடாதா?" என்று கேட்டேன்.

"எப்படிச் சொல்லுவேன்? காதுகுத்துக்கு வா வான்னு கூப்பிட்டது நீங்க. நீங்க கூப்பிட்டதாலதான் நான் இருக்கேன். உங்ககிட்ட வந்து, நானும் அங்கன அக்காகூட இருந்திருக்கணும்னு சொன்னா, நீங்க தாங்குவீகளா?"

நான் தாங்கியிருக்க மாட்டேன். அது அவளுக்குத் தெரிந்திருந்தது.

அவளையும் கையோடு வீட்டுக்குள் கூட்டிப்போய், பரணில் ஏறிப் பெட்டியைத் திறந்தேன். நானே கேஸ் என்று இருந்ததை அமுக்கி அவளிடம் கொடுத்தேன். திரும்பவும் பின்வாசலுக்கு வந்தோம். "நீங்க கொஞ்சம் அங்கிட்டுப் போங்க" என்றாள். அவள் உயிர் எதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று தெரிந்த பிறகும், அந்த அங்கிட்டு எனக்கு முள்ளாகக் குத்தியது. அவளைப் பார்வையிலேயே வைத்துக்கொண்டு எட்டிப் போய் முருங்கை மரத்தடியில் நின்றேன். பிறகு அவளே கூப்பிட்டாள். "உங்ககிட்டப் பேசணுமாம்."

வாங்கினேன். பெண் குரல்.

"அந்தத் தம்பி இல்லையா?" என்றேன்.

"இங்க பல பேர் இருக்கோம் ஐயா. எந்த நேரத்துக்கு யார் இருக்காங்களோ அவங்க எடுப்போம்" என்றார் அந்த அம்மா. அவர் பேச்சில் நம் பக்கத்துச் சாயல் இல்லை. "இன்னைக்கு அவங்க தனியா இருக்க வேண்டாம். நீங்க கூடவே இருக்க முடியுமா?"

"முடியும்."

"அரசு ஆஸ்பத்திரியில மனநல டாக்டரைப் பாக்கலாம்னு கேட்டேன். சரின்னு சொல்லியிருக்காங்க. உடனே கூட்டிட்டுப் போக முடியுமா?"

"முடியும்மா" என்றேன். நான் கூப்பிட்டபோதெல்லாம் வராதவள். இவர் ஒருமுறை கேட்டதும் சரி என்றிருக்கிறாள். அந்த எரிச்சல் வேறு.

நான் மனதுக்குள் ஒரு ஆளை உருட்டி வைத்திருந்தேன். மீசை, வெள்ளைச் சட்டை, கையில் கடிகாரம் எல்லாம் போட்டு வைத்திருந்தேன். அப்படி ஒருத்தன் கிடையாது. ஒருநாள் ஒருவர், மறுநாள் இன்னொருவர், அவ்வளவுதான். என் பொறாமைக்குப் போய் நிற்க ஒரு வாசல் இல்லாமல் போய்விட்டது. அதற்காக அது தணிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். ஒருத்தன் மேல் இருந்தது ஒரு கூட்டத்தின் மேல் ஆகிவிட்டது.

உங்களை அத்தையிடம் விட்டுவிட்டு விருதுநகர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். சில நாள் படுக்கையில் வைத்திருந்தார்கள். உங்களிடம், அம்மாவுக்கு ரத்தம் குறைவு என்று சொல்லிவைத்தோம். மாத்திரை கொடுத்தார்கள். டாக்டர் அம்மா நிறைய நேரம் பேசினார். எண் எப்படிக் கிடைத்தது என்றும் அங்கேதான் தெரிந்தது. தெருவுக்குத் தடுப்பூசி போட வருகிற சிஸ்டர், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிற வழியில் எட்டிப் பார்த்து, "பேச முடிஞ்சா பேசுங்க, வாய் வரலைன்னா எழுதுங்க" என்று போனில் போட்டுக் கொடுத்தாராம். என்ன பெயர் போட என்று கேட்டதற்கு, கேஸ் என்று போடச் சொன்னது அம்மாதான். "நீங்க எம் போன்ல கேஸ் புக் பண்ண மாட்டீகன்னு நெனச்சேன்" என்றாள் படுக்கையில் இருந்து. சிரித்த மாதிரி இருந்தது.

கம்பெனி மறுபடி திறந்த பிறகு, ஒரு மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் கேட்டுக்கு வெளியே வந்து, பலகையிலிருந்து என் போனை எடுத்துக்கொண்டு, வேப்பமர நிழலில் நின்று நானே அந்த எண்ணுக்குப் போட்டேன். ஒரு வயதான ஆண் குரல். என் பொண்டாட்டி உங்களிடம் என்னவெல்லாம் சொல்கிறாள் என்று கேட்டேன். "யார் பேசினாங்க, என்ன பேசினாங்கன்னு நாங்க யாருக்கும் சொல்றதில்லைங்க" என்றார். கோபம் வந்தது. நமுத்த வெடிதானே, அதுவும் புஸ் என்று போய்விட்டது. "உங்களுக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"எரியுதுய்யா" என்றேன். "அவ உங்ககிட்டச் சொல்லுதா. எங்கிட்டச் சொல்லல."

அவர் சிரிக்கவில்லை, புத்தியும் சொல்லவில்லை. "ம், சொல்லுங்க" என்றார். காதுகுத்துக்கு வா என்று நான் கூப்பிட்டதை எல்லாம் சொன்னேன். பெரியம்மா வீட்டு வாசலைத் தாண்டி என்னால் நிமிர்ந்து நடக்க முடியவில்லை என்றும் சொன்னேன். அந்த விஷயத்தை உங்கள் அம்மாவிடம் நான் இன்றுவரை சொல்லவில்லை. வைத்த பிறகுதான் எனக்கு அது உறைத்தது. அவளுக்கு ஒரு அந்நியர் கிடைத்த மாதிரி எனக்கும் ஒருவர் கிடைத்துவிட்டார். இது அவளுக்குத் தெரிந்தால் அவளுக்கும் எரியுமோ என்னவோ. எரிந்தால் நன்றாக இருக்கும் என்றுகூட ஒரு நினைப்பு வந்தது.

அம்மா இப்போது வெடி வேலைக்குப் போவதில்லை. லேபிள் அச்சடிக்கிற பிரஸ்ஸில் தாள் எண்ணி அடுக்குகிறாள். மாத்திரை பாதியாகக் குறைந்திருக்கிறது. சாப்பிட்டாயா என்று நான் கேட்டால், சில நாள் இல்லை என்றே சொல்கிறாள். அந்த இல்லைக்காக நான் எத்தனை நாள் காத்திருந்தேன் என்று அவளுக்குத் தெரியாது. ஆனாலும் எப்போதாவது போனை எடுத்துக்கொண்டு பின்வாசலுக்குப் போகத்தான் செய்கிறாள். என் கால் அடுப்படிக்குத் தானாகவே திரும்பிவிடுகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் மூன்று பேரும் அத்தை வீட்டுக்குப் போயிருந்தீர்கள். நான் தனியாக இருந்தேன். மைதா மாவைக் கரைத்து அடுப்பில் வைத்துப் பசை கிண்டினேன். அம்மா பிரஸ்ஸிலிருந்து கழிவுத்தாள் கொண்டுவந்து அலமாரியில் விரித்திருந்தாளே, அதில் ஒன்றை உருவினேன். மயில் படம் போட்ட மத்தாப்பு லேபிள், நிறம் தப்பி அச்சானது. நான்காக மடித்து, ஜன்னலில் சின்னவன் உடைத்த அந்த ஓட்டையின் மேல் வைத்து ஒட்டினேன். ஓரமெல்லாம் விரலால் நீவிவிட்டேன். காற்றுப் புகுந்து ஒரு மூலை தூக்கியது. இன்னும் கொஞ்சம் பசை வைத்து, அது காய்கிற வரைக்கும் உள்ளங்கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.